மடுவத் தராசின் எக்ஸ்எம்எல் கோப்பு: மூன்று பேர் பெயர் வந்தால் மட்டும் பிஎச்பி வாசிக்க மறுக்கிறது

கொட்டகலைப்பையன்:

வணக்கம். ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு சின்ன வேலை ஒன்று செய்து கொடுக்கிறேன். ஒவ்வொரு பிரிவு மடுவத்திலும் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) டிஜிட்டல் தராசு இருக்கிறது. காலை, மதியம், மாலை என்று மூன்று தரம் கொழுந்து நிறுக்கும்போது ஆளின் எண்ணும் கிலோவும் தராசிலேயே பதிவாகிவிடும். பொழுது சாய்ந்ததும் கணக்கப்பிள்ளை பென்டிரைவில் எக்ஸ்எம்எல் கோப்பாக (தகவலை டேக் என்னும் குறிகளுக்குள் வைக்கும் வகை) கொண்டுவந்து கொடுப்பார். அதில் ஆள் எண் மட்டும்தான், பெயர் கிடையாது.

அந்தக் கோப்பை வாசித்து, பெரிய கிளாக்கரின் எக்செல் பட்டியலில் இருந்து பெயர்களைச் சேர்த்து, புதுக் கோப்பாக எழுத வேண்டும். அப்புறம் மழை நாளில் தண்ணீருக்குக் கழிக்கும் கிலோ, பிழையாக விழுந்த நிறுவை, இவற்றையும் திருத்த வேண்டும். இணையம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அதனால் எல்லாம் ஆபீஸ் கணினியில் ஸாம்ப் (பிஎச்பி நிரலை நம் கணினியிலேயே ஓட்டும் தொகுப்பு) போட்டு ஓடுகிறது.

வாசிப்பதற்கு பிஎச்பியின் சிம்பிள்எக்ஸ்எம்எல். எழுதும்போது டேக்கையும் பெயரையும் ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டிச் சேமிக்கிறேன். திருத்தத்துக்கு ஸ்ட்ரிங் ரீப்ளேஸ் (ஒரு சொல்லைத் தேடி எல்லா இடத்திலும் மாற்றுவது). மேல்பிரிவுக்கு அழகாக வேலை செய்தது. கீழ்ப்பிரிவுக் கோப்பைத் திறந்தால் பிழை. ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்ததில் ஈஸ்வரி, ரூபவதி, ரூபன் ஆகிய மூவரின் வரிகள்தான் காரணம். அவர்களை எடுத்துவிட்டால் திறக்கிறது. எடுத்துவிட்டு சம்பளம் போட முடியுமா? யாராவது சொல்லுங்கள்.

நானுஓயா எக்ஸ்பிரஸ்:

கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தீர்களா? முக்கால்வாசி தமிழ்ப் பிரச்சினை அதில் தீர்ந்துவிடும்.

கொட்டகலைப்பையன்:

ஆமாம், யூடிஎஃப்-8தான். அதோடு மற்றப் பெயர்களும் தமிழ்தானே, அவை ஏன் உடையவில்லை?

ஊவாக்காரன்:

தம்பி, பிழைச் செய்தி என்ன என்று அப்படியே போடுங்கள். மூன்று பேருக்கும் ஒரே செய்தியா? பிஎச்பிக்கு எக்ஸ்எம்எல்லை வாசித்துக் கொடுக்கும் லிப்எக்ஸ்எம்எல்லின் உள்பிழைகளைச் சேர்த்து வைக்கும் வசதியை ஆன் செய்துவிட்டு, கோப்பைத் திறந்தபின் பிழைப் பட்டியலைக் கேட்டால் வரி எண்ணோடு கொடுக்கும். இன்னொன்று, கிளாக்கரின் எக்செல் என்ன எழுத்துருவில் இருக்கிறது?

கொட்டகலைப்பையன்:

ஒன்றல்ல அண்ணே, மூன்றும் வேறு வேறு! ஈஸ்வரிக்கு 'ஸ்டார்ட்டேக்: இன்வேலிட் எலிமென்ட் நேம்'. ரூபவதிக்கு 'என்டிட்டிரெஃப்: எக்ஸ்பெக்டிங்' என்று சொல்லி ஒரு அரைப்புள்ளி கேட்கிறது. ரூபனுக்கு 'என்டிட்டி நாட் டிஃபைன்ட்'. எழுத்துரு பாமினி. ஆபீசில் எல்லாமே பாமினிதான். பெயர் திரையில் சரியாகத் தெரியட்டும் என்று என்னுடைய பக்கத்திலும் பாமினியே வைத்திருக்கிறேன்.

ஊவாக்காரன்:

பாமினி என்றதுமே விளங்கிவிட்டது. இது நல்ல கேஸ், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாமினியில் அடித்த தமிழ் நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தாலும் உள்ளே இருப்பது மாறாது. இப்போது விசைப்பலகையை நினைத்துப் பாருங்கள். பாமினியில் 'ஈ' அடிக்க எந்தக் குறி? < தானே. 'ரூ' வுக்கு? &. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி.

எக்ஸ்எம்எல்லில் < வந்தால் அங்கே ஒரு டேக் தொடங்குகிறது என்று பொருள். ஈஸ்வரியின் முதல் எழுத்தைப் பார்த்ததும் பார்சர் (கோப்பை வாசிக்கும் பகுதி) டேக் பெயரை எதிர்பார்க்கிறது. அடுத்து வருவது 'ஸ்' க்கான சதுர அடைப்புக்குறி. அதில் எந்த டேக் பெயரும் தொடங்க முடியாது, உடனே பிழை. & வந்தால் என்டிட்டி (வேறு எழுத்துக்குப் பதிலாக நிற்கும் சுருக்கப் பெயர்) தொடங்குகிறது, அது அரைப்புள்ளியில் முடிய வேண்டும். ரூபவதியில் புள்ளி வைத்த எழுத்தே இல்லை, அதனால் அரைப்புள்ளி எங்கே என்று கேட்கிறது. ரூபனில் 'ன்' இருக்கிறது, அதன் புள்ளியே அரைப்புள்ளியாகிவிட்டது. இலக்கணப்படி என்டிட்டி முழுமை. ஆனால் அந்தப் பெயரில் ஒன்றை யாரும் அறிவிக்கவில்லை. மூன்று பேருக்கும் மூன்று பிழை வந்த கதை இதுதான்.

மேல்பிரிவில் இந்த எழுத்துகளோடு யாரும் இல்லாததால் தப்பித்தீர்கள். 'எந்தப் பெயரில் உடைகிறது' என்று கவனித்தீர்களே, அதனால்தான் ஒரே பதிலில் முடிந்தது.

நானுஓயா எக்ஸ்பிரஸ்:

அடேங்கப்பா. நானும் எத்தனை வருடம் பாமினி அடித்திருப்பேன், இதை யோசித்ததே இல்லை. அப்போ இந்தக் குறிகளை மாற்றி எழுதும் ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் ஃபங்ஷன் போட்டால் சரியாகிவிடும், இல்லையா?

ஊவாக்காரன்:

கோப்பு திறக்கும். ஆனால் உள்ளே இருப்பது தமிழாகாது. எண்ணைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கும், பெயரைக் கொடுத்துத் தேடினால் கிடைக்காது. நாளைக்குத் தலைமை ஆபீஸ் இந்தக் கோப்பைக் கேட்டால் அவர்களிடமும் பாமினி இருக்க வேண்டும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு எக்ஸ்எம்எல்.

மாற்றும்போது இரண்டு கவனம். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படுகிறது, யூனிகோடில் பின்னால். ஆகவே மாற்றுப் பட்டியலில் நீளமான கூட்டுகளை முதலில் வையுங்கள், தனி எழுத்துகள் கடைசியில். மற்றது, ஒரே எக்செலில் சிலர் யூனிகோடிலும் சிலர் ஆங்கிலத்திலும் அடித்திருப்பார்கள். ஆங்கில முதலெழுத்தையும் மாற்றி ஏதோ ஒன்றாக்கிவிடும். கட்டத்தில் ஏற்கெனவே தமிழ் யூனிகோடு எழுத்து இருந்தால் தொடாதீர்கள். ஆங்கிலமா பாமினியா என்பதை மட்டும் கண்ணால்தான் பார்க்க வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை.

எஸ்க்யூஎல்சாமி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? எஸ்க்யூலைட்டில் (ஒரே கோப்பில் இருக்கும் சின்ன டேட்டாபேஸ்) ஒரு அட்டவணை போட்டு எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடலாம். எக்ஸ்எம்எல் 1998-இல் வந்த சாமான். இப்போது எல்லாரும் ஜேசன்.

ஊவாக்காரன்:

தராசு கொடுப்பது எக்ஸ்எம்எல் சாமி. தராசோடு சண்டை போட முடியாது. உள்ளே எடுத்தபின் எஸ்க்யூலைட்டில் வைப்பது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் வாசிப்பதும் எழுதுவதும் எப்படியும் தெரிந்திருக்க வேண்டும்.

தம்பி, ஒட்டி எழுதுவதை விடுங்கள். மாதிரிக்கு ஒன்று (முதல் அறிவிப்பு வரியை விட்டுவிட்டேன்):

<மடுவம் பிரிவு="கீழ்ப்பிரிவு">
  <ஆள் எண்="214">
    <பெயர்>ஈஸ்வரி</பெயர்>
    <நிறுவை வேளை="காலை">8.5</நிறுவை>
    <நிறுவை வேளை="மதியம்">7</நிறுவை>
    <நிறுவை வேளை="மாலை">6.5</நிறுவை>
  </ஆள்>
</மடுவம்>

சிம்பிள்எக்ஸ்எம்எல்லில் இதை ஏற்றியபின் உள்ளே போவது இப்படி:

$மடுவம்->ஆள்[0]->பெயர்
$மடுவம்->ஆள்[0]['எண்']

திரும்பி வருவது ஸ்ட்ரிங் இல்லை, ஒரு ஆப்ஜெக்ட். ஒப்பிடும்போதும், அரேக்குச் சாவியாக வைக்கும்போதும் ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொள்ளுங்கள். கிலோவைக் கூட்டுவதற்கு முன் ஃப்ளோட் ஆக்குங்கள். செஷனிலும் அந்த ஆப்ஜெக்டை அப்படியே போட முடியாது.

கொட்டகலைப்பையன்:

இருங்கள் அண்ணே, டேக்கே தமிழில் வைக்கலாமா?! வேரியபிளும்?

ஊவாக்காரன்:

தாராளமாக. எக்ஸ்எம்எல் விதிப்படி தமிழ் எழுத்தில் டேக் பெயர் தொடங்கலாம். பிஎச்பியும் வேரியபிள் பெயரில் தமிழை ஏற்கும். எக்ஸ்பாத்தும் (கோப்புக்குள் வேண்டிய இடத்தைத் தேடும் முறை) அப்படியே:

//ஆள்[@எண்="214"]/நிறுவை[@வேளை="மாலை"]

தராசு ஆங்கில டேக்தான் கொடுக்கும், அதை மாற்ற வேண்டாம். நீங்களாக எழுதும் கோப்பில் தமிழ் டேக் வைத்தால் கிளாக்கர் திறந்து பார்த்தாலும் விளங்கும்.

இனி எழுதுவது. சிம்பிள்எக்ஸ்எம்எல்லில் புதுப் பிள்ளை சேர்க்கும் ஆட்சைல்ட் முறையில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. அதற்குக் கொடுக்கும் மதிப்பில் < இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும், & இருந்தால் பார்த்துக்கொள்ளாது. சமக்குறி போட்டு நேரடியாக மதிப்புக் கொடுத்தால் இரண்டையும் சரியாக மாற்றும். எனவே ஆட்சைல்டில் டேக்கை மட்டும் வெறுமையாகச் சேர்த்து, மதிப்பைச் சமக்குறியால் கொடுங்கள்.

நான் என்றால் எழுதும் வேலைக்கு டாம்டாக்குமென்ட்தான் (பிஎச்பியின் இன்னொரு எக்ஸ்எம்எல் கருவி, சுருக்கமாக டாம்) எடுப்பேன். டெக்ஸ்ட் நோட் உருவாக்கி ஒட்டினால் <, & எது வந்தாலும் கவலையில்லை. உருவாக்கும்போதே பதிப்பு 1.0, என்கோடிங் யூடிஎஃப்-8 என்று இரண்டையும் கொடுங்கள். என்கோடிங்கை விட்டால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் &# என்று தொடங்கும் எண்ணாகச் சேமிக்கப்படும். பிஎச்பி திரும்ப வாசித்தால் தமிழாகத்தான் வரும், ஆனால் மனிதர் யாராலும் அந்தக் கோப்பை வாசிக்க முடியாது. கோப்பு வரிவரியாக அழகாக வர வேண்டுமென்றால் ஏற்றுவதற்கு முன்பே வெற்றிடத்தைக் காக்கும் அமைப்பை ஆஃப் செய்து, ஃபார்மட் அவுட்புட்டை ஆன் செய்யுங்கள். ஏற்றியபின் சொன்னால் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வெற்றிடம் போகாது.

சிம்பிள்எக்ஸ்எம்எல்லும் டாமும் உள்ளே ஒரே மரத்தைத்தான் பிடித்திருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும் ஃபங்ஷன்கள் உண்டு, நகல் எடுப்பதில்லை. வாசிக்க ஒன்று, திருத்த ஒன்று என்று கலந்து பாவிக்கலாம். பிஎச்பி 8.4-இல் புது டாம் வகுப்புகளும் வந்திருக்கின்றன. உங்கள் ஸாம்பில் என்ன பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழையதாக இருந்தாலும் மேலே சொன்னதெல்லாம் ஓடும்.

பச்சைக்கொழுந்து:

நிறுவையைத் திருத்துவதைப் பற்றி யாரும் பேசாமலேயே போகிறீர்கள், அதனால் வருகிறேன். தம்பி, ஸ்ட்ரிங் ரீப்ளேஸில் திருத்துவதாக எழுதியிருந்தீர்கள். ஈஸ்வரியின் மாலை நிறுவை 6.5-ஐ 6 ஆக்கச் சொல்லி ரீப்ளேஸ் கொடுத்தால், அன்றைக்கு 6.5 நிறுத்த அத்தனை பேருக்கும் அரைக் கிலோ போய்விடும். யாருக்கும் தெரியாது. எங்கள் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். சொன்ன கிலோவுக்கு அரைக் கிலோ குறைந்தாலும் அரைப் பேர் (அரை நாள் வேலை என்ற பதிவு) போட்டுவிடும் இடங்களை எனக்குத் தெரியும். நமக்கு அது ஒரு டெசிமல். லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) அது அரை நாள் சம்பளம்.

கொட்டகலைப்பையன்:

அக்கா, நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. எக்ஸ்பாத்தில் ஆள் எண்ணும் வேளையும் கொடுத்து அந்த ஒரு நிறுவையை மட்டும் எடுத்து மாற்றினால் போதுமா?

பச்சைக்கொழுந்து:

அதுவும் போதாது என்பது என் கருத்து. தராசு கொடுத்த எண்ணை மாற்றவே கூடாது. பக்கத்தில் திருத்தத்தை எழுதுங்கள்:

<நிறுவை வேளை="மாலை">6.5</நிறுவை>
<திருத்தம் வேளை="மாலை" காரணம்="தண்ணீர்" செய்தவர்="கணக்கப்பிள்ளை">-0.5</திருத்தம்>

சம்பளத்துக்குக் கூட்டும்போது இரண்டையும் கூட்டுங்கள். யாராவது ஆபீசுக்கு வந்து 'என் கிலோ எங்கே' என்று கேட்டால் கிளாக்கர் காட்ட ஏதாவது இருக்க வேண்டாமா? செய்தவர், வேளை, காரணம் மூன்றும் இல்லாமல் திருத்தத்தைச் சேமிக்க உங்கள் பக்கமே விடக்கூடாது.

எஸ்க்யூஎல்சாமி:

இதைத்தான் நான் சொன்னேன், டேட்டாபேஸில் ஒரு திருத்த அட்டவணை...

பச்சைக்கொழுந்து:

எங்கே வைத்தாலும் சரி சாமி, மூலத்தைத் தொடாமல் வைத்தால் போதும். என்னைக் கேட்டால் பென்டிரைவில் வரும் கோப்பை அப்படியே ஒரு ஃபோல்டரில் நாள்வாரியாகப் போட்டு, வாசிக்க மட்டும் அனுமதி வையுங்கள். பெயர் சேர்த்த கோப்பு வேறு, திருத்தம் வேறு.

எஸ்க்யூஎல்சாமி:

அதற்கு எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் எக்ஸ்எம்எல் என்ன செய்யும்? ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார். டேட்டாபேஸ் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

ஊவாக்காரன்:

நியாயமான கேள்வி. ஆபீசில் இரண்டு கணினியில் திருத்துவதென்றால் சாமி சொன்னபடி எஸ்க்யூலைட்டுக்குப் போய்விடுங்கள், எக்ஸ்எம்எல்லை உள்ளே வருவதற்கும் வெளியே அனுப்புவதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரே கணினி என்றால் பூட்டுக் கோப்பு ஒன்று வைத்து எஃப்லாக் போட்டுச் சமாளிக்கலாம்.

அதைவிட நம் பக்கத்தில் பெரிய ஆபத்து கரண்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதிக் கோப்பு நிற்கும். மூடும் டேக் இல்லாத கோப்பைப் பார்சர் சாதாரணமாகத் திறக்காது. எனவே பழைய கோப்பின் மேலேயே சேமிக்காதீர்கள். அதே ஃபோல்டரில் வேறு பெயரில் சேமியுங்கள், அதை ஒரு தரம் ஏற்றிப் பாருங்கள், சரியாக இருந்தால் ரீநேம் செய்யுங்கள். பழையது முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும்.

நானுஓயா எக்ஸ்பிரஸ்:

நான் எப்போதோ பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டாமில் டேக் பெயரால் எடுக்கும் பட்டியல் உயிருள்ளது. சுற்றிக்கொண்டே ஒன்றை நீக்கினால் பட்டியல் சுருங்கி, அடுத்தது தப்பிவிடும். இரட்டைப் பதிவுகளை நீக்கினால் பாதி அப்படியே இருக்கும். முதலில் அரேயாக மாற்றிக்கொண்டு நீக்குங்கள், அல்லது எக்ஸ்பாத்தால் எடுங்கள்.

கொட்டகலைப்பையன்:

நன்றி. இன்னொன்று. போயா தினத்துக் (பௌர்ணமி விடுமுறை) கோப்பைத் திறந்தால் 'கோப்பு சரியில்லை' என்று என் பக்கம் சொல்கிறது. கோப்பில் பிழை எதுவும் தெரியவில்லை.

ஊவாக்காரன்:

அன்றைக்கு நிறுவையே இல்லை, வேர் டேக் மட்டும் வெறுமையாக இருக்கும், சரியா? உள்ளே பிள்ளையும் ஆட்ரிபியூட்டும் இல்லாத வேரை சிம்பிள்எக்ஸ்எம்எல் ஆப்ஜெக்டாகத்தான் கொடுக்கும், ஆனால் இஃப் உள்ளே போட்டால் அது பொய் ஆகிவிடும். மூன்று சமக்குறி போட்டு, உண்மையிலேயே ஃபால்ஸ் வந்ததா என்று பாருங்கள்.

எஸ்க்யூஎல்சாமி:

வருடம் முழுக்க ஒரே கோப்பாகச் சேர்த்துவைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சிம்பிள்எக்ஸ்எம்எல்லும் டாமும் முழுக் கோப்பையும் மெமரியில் மரமாகக் கட்டும், கோப்பின் அளவைவிடப் பல மடங்கு பிடிக்கும்.

ஊவாக்காரன்:

சேர்த்தே ஆக வேண்டும் என்றால் எக்ஸ்எம்எல்ரீடர் இருக்கிறது. ஒவ்வொரு <ஆள்> ஆக நகர்ந்து, அந்தத் துண்டை மட்டும் சிம்பிள்எக்ஸ்எம்எல்லாக்கி வாசித்துவிட்டு விட்டுவிடலாம். எழுதுவதற்கு எக்ஸ்எம்எல்ரைட்டர். நாள் கணக்குக் கோப்புக்கு இது தேவையே இல்லை.

வெளியார் கோப்பை ஏற்ற விடுவதாக இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: என்டிட்டிகளை விரிக்கச் சொல்லும் 'நோஎன்ட்' என்ற கொடியைப் போடாதீர்கள். பெயரைப் பார்த்தால் என்டிட்டியே வேண்டாம் என்பதுபோல இருக்கும், செய்வது நேர்மாறு. கோப்புக்குள் ஒருவன் உங்கள் கணினியின் வேறு கோப்பைக் குறிப்பிட்டால் அதையும் உள்ளே இழுத்துவிடும். ரூபனுக்கு வந்த பிழைக்கு இணையத்தில் தேடினால் சிலர் இந்தக் கொடியைச் சொல்லுவார்கள். அது மருந்தில்லை.

கொட்டகலைப்பையன்:

எல்லாரும் சொன்னபடி மாற்றிவிட்டேன். ஈஸ்வரி, ரூபவதி, ரூபன் மூவரும் வந்துவிட்டார்கள். தராசுக் கோப்பு தனி ஃபோல்டரில், திருத்தம் தனி டேக்கில், காரணம் இல்லாமல் சேமிக்க விடாது. கிளாக்கர் முதலில் முணுமுணுத்தார், பிறகு அவரே காரணங்களின் பட்டியல் ஒன்று எழுதிக் கொடுத்தார்.

புதுப் பிரச்சினை: எக்ஸ்பாத்தில் பெயரால் தேடினால் ஈஸ்வரி கிடைக்கிறார், பொன்னம்மா கிடைக்கவில்லை, கோவிந்தன் கிடைக்கவில்லை. கோப்பில் இரண்டு பெயரும் இருக்கின்றன, கண்ணால் பார்க்கிறேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

பச்சைக்கொழுந்து:

பாமினி மாற்றி எங்கிருந்து எடுத்தீர்கள்? துண்டு துண்டாக மாற்றுகிறதா?

கொட்டகலைப்பையன்:

ஆமாம் அக்கா, கொம்பை எடுத்துப் பின்னால் போட்டு, துணைக்காலைத் தனியாக மாற்றுகிறது.

ஊவாக்காரன்:

அதேதான். யூனிகோடில் 'பொ' வின் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ொ என்ற ஒரே குறியாக, அல்லது கொம்பும் துணைக்காலும் அடுத்தடுத்து இரண்டாக. திரையில் வித்தியாசமே தெரியாது. உங்கள் மாற்றி இரண்டாக எழுதுகிறது, நீங்கள் விசைப்பலகையில் அடிப்பது ஒன்றாக விழுகிறது. லிப்எக்ஸ்எம்எல் பைட்டைத்தான் ஒப்பிடும். தமிழ் டேக்கிலும் இதே கதைதான்: திறக்கும் <கொழுந்து> ஒரு விதம், மூடுவது மறு விதம் என்றால் டேக் பொருந்தவில்லை என்று பிழை வரும். டாமால் எழுதினால் அது நடக்காது, கையால் அடித்தால் நடக்கும்.

பிஎச்பியின் இன்டெல் நீட்சியில் நார்மலைசர் இருக்கிறது, இரண்டு விதத்தையும் ஒன்றாக்கிவிடும். பெயரை எழுதுவதற்கு முன்பும், தேடும் சொல்லை எக்ஸ்பாத்துக்குக் கொடுப்பதற்கு முன்பும் அதன் வழியாக அனுப்புங்கள்.

கொட்டகலைப்பையன்:

ஸாம்பில் அந்த நீட்சி ஆன் ஆகவில்லை அண்ணே, இப்போதைக்கு இணையமும் இல்லை. வேறு வழி?

ஊவாக்காரன்:

பிஎச்பி ஐஎன்ஐ கோப்பில் இன்டெல் வரியின் முன்னால் அரைப்புள்ளி இருக்கும், அதை எடுத்துவிட்டு அப்பாச்சியை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் ஸாம்பில் நீட்சி கூடவே வரும், இணையம் வேண்டாம்.

அதுவும் சரிவரவில்லை என்றால் ஸ்ட்ரிங் ரீப்ளேஸையே பாவியுங்கள், இந்த வேலைக்கு அது பொருத்தம்தான். ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வந்தால் ொ. இரட்டைக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்தால் ோ. ஔகாரத்தில் மட்டும் கவனம்: கொம்புக்குப் பிறகு ஔகாரக் குறிக்கென்றே உள்ள தனிக் குறி வந்தால் ௌ ஆக்கலாம். 'ள' என்ற எழுத்தையே அடித்திருந்தால் நார்மலைசரும் தொடாது, நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். 'கெளுத்தி' யில் வருவது உண்மையான 'ள'. 'கௌரி' யை அப்படி அடித்திருக்கிறார்களா என்று பட்டியலில் ஒவ்வொன்றாகப் பாருங்கள், அதிகம் இருக்காது.